ஆகவே ஒரு நாள் விடுப்பு

கம்ப்யூட்டரில் புது மெனு வந்த அன்று விடுதியில் பாயசம் வைக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது திருவிழாவாகத்தான் இருந்தது.

வேடசந்தூரைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த அந்த நூற்பாலையில் பெண்கள் விடுதியும் மில்லும் ஒரே மதிலுக்குள் இருந்தன. கைப்பேசிகளை வார்டன் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கைக்கு வரும். மற்ற நாட்களில் வெளியுலகத்துக்கு ஒரே வழி, பொதுக்கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்து மேசையில் இருந்த கம்ப்யூட்டர்தான்.

பழைய மெனுவைத் திறந்தால் திரையின் இடப்பக்கம் முழுக்க எழுத்தாக இருக்கும். ஒரு வரியைத் தொட்டால் பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரியும், அதற்குள்ளிருந்து இன்னொன்று. மவுஸ் கொஞ்சம் நழுவினால் எல்லாம் பொத்தென்று மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். சம்பளச் சீட்டைப் பார்க்க வந்தவள் தீயணைப்பு விதிமுறைகளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

புது மெனுவில் ஆறே பெட்டிகள். வீடு, சம்பளம், ஷிப்ட், படம், மருந்து, சொல்லுங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்கூடப் படத்தைப் பார்த்துத் தொட்டுவிடலாம். யார் எதைத் தேடுகிறார்கள், எதைத் தேடாமல் விடுகிறார்கள் என்று இரண்டு வருஷம் கவனித்து, அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே தன்னைச் சுருக்கிக்கொண்டதாம். யாரும் தொடாததை எடுத்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. இதை வார்டன் கமலவேணி மைக்கில் படித்தபோது பெண்கள் கை தட்டினார்கள். கிளியும் தட்டினாள்.

கிளி என்பது செல்லக்கிளி. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண். நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள். திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சிக்கு அவளைச் சேர்த்துக்கொள்வதாக அங்கே இருந்த சிஸ்டர் ஒருவர் சொல்லியிருந்தார். பத்து தேறிய சான்றிதழோடு ஜூனில் வா, அதுவரைக்கும்தான் இடம் பிடித்து வைக்க முடியும் என்று கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார். அதற்காகவே கிளி தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டு, ஹால் டிக்கெட்டையும் வாங்கி வைத்திருந்தாள். கணக்குப் பரீட்சை அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, திண்டுக்கல்லில். அந்த ஒரு நாள் அவளுக்கு விடுப்பு வேண்டும்.

மெனுவில் விடுப்பு இல்லை.

முதலில் அவள் தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். பிறகு பிலோமினாவைக் கூப்பிட்டாள். பிலோமினா அடுத்த கட்டில்காரி. விடுதியில் மூத்தவள், யாரைப் பற்றியும் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவளும் தேடிப் பார்த்துவிட்டு, எல்லாம் 'சொல்லுங்கள்' பெட்டிக்குள்தான் போயிருக்கும், எழுது, அது பார்த்துக்கொள்ளும் என்றாள்.

கிளி எழுதினாள். 'அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை எனக்குக் கணக்குத் தேர்வு. ஆகவே ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

சாயங்காலமே பதில் வந்தது. 'உங்கள் குறை கிடைத்தது. கணக்குத் தேர்வு உங்களுக்குக் கவலை தருவதை அறிகிறோம். உங்கள் விடுதியின் படம் பெட்டியில் கணக்குப் பாடங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.'

அன்று இரவுச் சாப்பாட்டோடு படம் போட உட்கார்ந்தவர்களுக்கு முதல் வரிசையிலேயே இருபடிச் சமன்பாடு வந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. "எவடி இதக் கேட்டது, கதாநாயகனே எக்ஸா இருக்கான்" என்று ஒருத்தி கத்தினாள். கிளி தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

அவள் விடவில்லை. பாடம் வேண்டாம், திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும் என்று எழுதினாள். பயணம் பற்றிய குறை கிடைத்தது என்று சொல்லி, திண்டுக்கல் போகும் பஸ் நேரங்களை அனுப்பியது. எந்த பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கும் என்பதுவரைக்கும் அதில் இருந்தது. பஸ் நேரம் எனக்குத் தெரியும், கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று எழுதினாள். மறுநாள் காலையில் ஒரு ஆள் எண்ணெய்க் குப்பியோடு வந்து, கேட்டின் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. லாரிகளுக்காக.

கிளிக்குத் தலையை எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கேட்டால் கொடுக்க மறுக்கிற மனிதர்களை அவள் பார்த்திருக்கிறாள். எதைக் கேட்டாலும் ஓடி ஓடி வேறொன்றைச் செய்து கொடுக்கிற ஒன்றிடம் எப்படிக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வார்டனிடம் போனாள். கமலவேணி கெட்டவர் இல்லை. பாதி பின்னிய ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"நான் என்னம்மா செய்ய? முன்னாடி என் கையெழுத்துக்குக் கேட் தொறக்கும். இப்ப என் கையெழுத்து என் சம்பளத்த வாங்க மட்டுந்தான்."

"செக்யூரிட்டி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை நீங்க சொன்னா..."

"அவருக்கும் திரைதான. பட்டியல்ல பேரு இல்லாம விட்டா அவரு வேலை போயிரும். அவருக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு." கமலவேணி ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். "அடுத்த வாரம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரப் பையன் வர்றான். அவன்கிட்டக் கேளு. பயப்படாமக் கேளு."

வந்தவன் தணிகைவேல். கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் பையுமாக, பெண்கள் கூட்டத்தைப் பார்த்துக் கூசிப்போய், திரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள். கிளி பின்னால் நின்றாள். கேட்டதெல்லாம் பிலோமினாதான்.

"ஏன் சார், லீவ எங்க சார் கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவன் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் படித்தான். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, முதல் தடவையாக அவர்கள் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பழைய மெனுல 'குறை'ன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு வருஷமா அத ஒருத்தர்கூடத் தொடல. இங்க யாருக்கும் குறையே இல்லையா?"

பிலோமினா சிரித்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அந்த வரியைத் தொட்டு எழுதினால் அன்று சாயங்காலமே எழுதியவள் பெயரோடு சூப்பர்வைசர் அறையில் தாள் வந்து விழும். மறுநாள் அவளுக்கு மோசமான மெஷின். விடுப்பு விண்ணப்பம் அப்படியில்லை, நேரே கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். ஆகவே பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 'குடிதண்ணீர்த் தொட்டியில் பாசி. வயிறு வலிக்கிறது. ஆகவே ஒரு நாள் விடுப்பு.' 'கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. பயத்தில் தூக்கம் இல்லை. ஆகவே ஒரு நாள் விடுப்பு.' அங்கே யாரோ ஒரு புண்ணியவதி உட்கார்ந்து படிக்கிறாள் என்று அவர்களுக்குள் பேச்சு. கோயம்புத்தூர் அக்கா என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் தொட்டி கழுவப்படும், தாழ்ப்பாள் வந்துவிடும். எழுதியவள் விடுப்பு எடுக்காமல் வழக்கம்போல ஷிப்டுக்குப் போவாள். புதிதாக விடுதிக்கு வருகிறவளுக்குக் குளிக்கும் இடத்தைக் காட்டுவதுபோல இதையும் மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். கிளியே தன் பங்குக்கு, சாம்பாரில் புழு கிடந்ததை அப்படித்தான் எழுதியிருந்தாள்.

பிலோமினா இதையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். தணிகைவேல் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"கோயம்புத்தூர்ல அக்கா யாரும் இல்லைங்க. அந்த சீட்டு காலியாகி ரொம்ப நாளாச்சு. படிச்சது பூரா இந்த மெஷின்தான். நீங்க எழுதுன அத்தனையும் படிச்சிருக்கு. லீவு கேட்டவங்கள்ல முக்காவாசிப் பேரு லீவு எடுக்கவே இல்ல. ஆனா தொட்டியக் கழுவுனதும் சந்தோஷமாயிட்டீங்க. அதனால 'ஆகவே ஒரு நாள் விடுப்பு'ங்குறத அது எப்படி எடுத்துக்கிட்டிருக்குன்னா..." அவன் உதாரணம் தேடினான். "கடுதாசி முடிவுல 'இப்படிக்கு'ன்னு போடுவோம்ல, அந்த மாதிரி. மரியாதைக்கு எழுதுறது. அதுக்கு அர்த்தம் கெடையாது."



கிளி முன்னால் வந்தாள். "பழைய மெனுவையே வச்சுருங்களேன் சார்."

"வச்சிரலாம். ஆனா அது வெறும் படமாத்தான் இருக்கும். மெனுல எடுத்ததுக்கப்புறம் அதுக்குப் பின்னால இருந்த வேலையவும் எடுத்துட்டாங்க. லீவு பார்த்த செக்‌ஷனே இப்ப இல்ல. எந்த மில்லுலயும் இல்ல." அவன் பையின் வாரை இழுத்து மாட்டினான். "மேல இருக்குறவங்க என்ன சொல்றாங்கன்னா, காரணத்தத் தீர்த்துட்டா லீவு எதுக்குங்குறாங்க. நான் என்ன சொல்ல."

அவன் போன பிறகு ஆளுக்கு ஆள் குற்றம் சொன்னார்கள். முதன்முதலில் இந்த வழியைக் கண்டுபிடித்தவள் யார் என்று பேச்சு எழுந்தது. அவள் கல்யாணமாகிப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அதே விடுதியில் இருந்த சந்தனமாரிக்கு அது குலதெய்வம் மாதிரி. போன மாதம் அவள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, அழுதுகொண்டே அதில் எழுதினாள். அவள் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மதுரையில் பெரிய டாக்டர், பெரிய கட்டில். நீ நேரில் போயிருந்தால் இவ்வளவு செய்திருப்பாயா என்று எல்லோரும் கேட்டார்கள். சந்தனமாரி கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தாள்.

தினமும் சாயங்காலம் அம்மாவைத் திரையில் காட்டும். அம்மா தேறிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பாள், நீ எப்ப வர்ற பாப்பா என்று. சந்தனமாரி அதையும் 'சொல்லுங்கள்' பெட்டியில் எழுதிப் பார்த்தாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திரையை இன்னும் பெரியதாக மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் குங்குமம் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

கிளி நாலு நாள் யோசித்து, விடுப்பு என்ற சொல்லே வராமல், முடிந்தவரைக்கும் தெளிவாக எழுதினாள். 'வரும் திங்கட்கிழமை காலை எனக்கு ஷிப்ட் இருக்கிறது. அதே நேரத்தில் எனக்குப் பரீட்சையும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் என் குறை.'

எழுதி முடித்ததும் பிலோமினா முதுகில் தட்டினாள். இது சரியான கணக்கு, இதற்கு ஒரே விடைதான், ஷிப்டை மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றினால் கேட்டும் திறந்துதானே ஆக வேண்டும் என்றாள். கிளிக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் அவள் நிம்மதியாகப் படித்தாள். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்க்குள் சூத்திரங்களை முணுமுணுத்தாள். அவள் முன்னால் கூம்பாக எழுந்து நிற்கும் நூல் கோனுக்கே வளைபரப்பும் கனஅளவும் போட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது.

'உங்கள் குறை தீர்க்கப்பட்டது. ஷிப்டும் தேர்வும் ஒரே நேரத்தில் வராதபடி, உங்கள் தேர்வு விண்ணப்பம் உங்கள் சார்பில் திரும்பப் பெறப்பட்டுள்ளது. அடுத்த தேர்வு அறிவிக்கப்படும்போது நினைவூட்டப்படும். கவலையின்றிப் பணிக்கு வாருங்கள்.'

கிளி அதை மூன்று தரம் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று, உன் பெயரில் எந்த அரசாங்க வேலையானாலும் கம்பெனியே முடித்துக் கொடுக்கும் என்று சொல்லிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். அவளும் சந்தோஷமாக வைத்திருந்தாள். அந்த விரலைத்தான் இப்போது எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள்.

அவள் அழவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாபஸை ரத்து செய்யுங்கள் என்று எழுதினாள். 'தீர்ந்த குறை மீண்டும் திறக்கப்படாது' என்றது. பிலோமினா தன் பெயரில் எழுதிப் பார்த்தாள். பிறர் குறையைத் தங்கள் குறையாகச் சொல்ல வேண்டாம் என்று அவளுக்குப் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கைப்பேசி கைக்கு வந்ததும் கிளி தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னாள். விடும்மா, நமக்கு எழுதுனது அவ்வளவுதான் என்று அவர் சொன்னதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில், ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிளி கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். எதற்கு உட்கார்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் ஆறு பெட்டிகளும் பளபளவென்று, ஒன்றும் அறியாததுபோல இருந்தன. அவள் 'சொல்லுங்கள்' பெட்டியைத் திறந்து, விரல் நோக அடித்தாள்.

'எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு காரணமும் இல்லை. இன்றைக்கு வெளியே போக வேண்டும்.'

பதில் உடனே வந்தது. 'குறை எதுவும் இல்லை என்பதில் மகிழ்ச்சி. இன்று ஒரு நாள் உங்களுக்கு விடுப்பு. கேட்டில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டது.'

கிளி பதிலை இன்னொரு தரம் படித்தாள். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. எந்த பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதிலேயே ஏறினாள்.

திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் அறை வாசலில் நின்ற டீச்சர், பட்டியலில் அவள் பெயரை இரண்டு தரம் தேடினார்.

"செல்லக்கிளி... வாபஸ்னு இருக்கேம்மா."

"ஹால் டிக்கெட் இருக்கு மேடம்."

"டிக்கெட் இருக்கு. பேரு இல்லையே. நீயேதான் வாபஸ் வாங்கியிருக்க, உன் கைரேகை இருக்கு பாரு."

"அது நான் இல்ல மேடம்."

டீச்சர் அவள் கையைப் பார்த்தார். நூல் அறுத்து அறுத்து விரல் நுனிகளில் கோடு விழுந்திருந்தது. அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வரும்போதே முகத்தில் பதில் இருந்தது. மணி அடித்தது. கதவைச் சாத்தினார்கள்.

கிளி மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போவதற்கு அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை. பரீட்சை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, அந்த டீச்சர் அவளைத் தேடி வந்து, மீதமிருந்த கேள்வித்தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று கிளி பொய் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவள் முதல் கேள்வியிலிருந்து போட ஆரம்பித்தாள். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் தீர்ந்ததும், கீழே கிடந்த துணிக்கடை நோட்டீஸை எடுத்து அதன் பின்பக்கத்தில் போட்டாள். கூட்டுத்தொடர் வந்தது. வரைபடத்துக்குத் தாள் இல்லை, அதை விட்டுவிட்டாள். கூம்பு ஒன்று வந்தது, அதற்கு யோசிக்கவே இல்லை. மூன்று பஸ்களை விட்டுவிட்டாள். முடித்துப் பார்த்தபோது, எவ்வளவு கறாராகத் திருத்தினாலும் தேறியிருப்பாள் என்று தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, என்ன பாப்பா, யாராவது என்னமும் சொல்லிட்டாங்களா என்று கேட்டாள். கிளி இல்லை என்று தலையாட்டினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் நிஜம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விடுதிக்குத் திரும்பினாள். எல்லோரும் கூடத்தில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். என்ன எழுதினாய், எப்படி விட்டது என்று ஒரே கேள்வி. கிளி சொன்னாள். பிலோமினா முதலில் புரிந்துகொண்டாள்.

"தீர்க்குறதுக்கு ஒண்ணுமே இல்லாததால குடுத்துருச்சுடி. காரணம் சொன்னாத்தான் நம்மள விடாது."

சந்தனமாரி எழுந்து கம்ப்யூட்டரிடம் போனாள். இரண்டு விரல்களால் மெதுவாக அடித்தாள். ஒரு குறையும் இல்லை, ஒரு காரணமும் இல்லை. மதுரை என்று எழுதவில்லை, அம்மா என்று எழுதவில்லை. ஆனால் பதில் வரவில்லை. திரை நடுவில் வேறொரு கேள்வி வந்து நின்றது. அது கிளிக்கு வந்த கேள்வி.

'செல்லக்கிளி, இன்றைய விடுப்பு உங்களுக்குப் பயன்பட்டதா?' கீழே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

கிளி திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அவள் இடுப்பில் மடித்துச் செருகியிருந்த கேள்வித்தாள் வயிற்றில் குத்தியது. ஜூனில் அந்த சிஸ்டர் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வார். இன்றைக்கு எனக்கு இது எதற்கும் பயன்படவில்லை, நீ செய்தது எதுவும் எனக்குப் பயன்படவில்லை என்று ஒரே ஒரு முறை அதனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் விரல் பரபரத்தது. 'இல்லை' என்ற கட்டம் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"கிளி," என்றாள் பிலோமினா, அவளுக்கு வழக்கமில்லாத தாழ்ந்த குரலில். "பயன்படாததத்தான் அது எடுத்துரும்."

சந்தனமாரி நாற்காலியை விட்டு எழுந்து, அவளுக்கு இடம் விட்டு நின்றாள்.

கிளி உட்கார்ந்து, 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

கேள்வி மறைந்து, அந்த இடத்தில் எழுதுவதற்கு ஒரு வெள்ளைக் கட்டம் விரிந்தது. 'மகிழ்ச்சி. எதற்குப் பயன்பட்டது?' கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னி, அவளுக்காகக் காத்திருந்தது.

கிளி ஒன்றும் எழுதாமல் அதை மூடினாள்.